போர்ட்டோ நகரத்துப் புத்தக மாளிகை

"அத்தை, அந்தப் புத்தகக் கடைக்குள்ளே போக டிக்கெட் வாங்கணும்" என்று அண்ணன் மகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

சினிமாக் கொட்டகைக்கு டிக்கெட் வாங்கலாம். மிருகக்காட்சி சாலைக்கு வாங்கலாம். புத்தகக் கடைக்கு டிக்கெட்டா? பசாரில் மீன் பார்க்கக் காசு கேட்பார்களா? "நான் வரலே. நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் வெளியே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் நேத்தே வாங்கிட்டேன் அத்தை. காசு திரும்ப வராது" என்றான். தோட்டத்தில் பிறந்தவளிடம் காசு வீணாகும் என்று சொன்னால் போதும், எழுந்து நடந்துவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இது நடந்தது போர்த்துக்கல் நாட்டில், போர்ட்டோ என்ற ஊரில். லண்டனில் வேலை பார்க்கும் அண்ணன் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். "பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் புத்தகத்தோட மாரடிச்சீங்க. உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிப் போறேன்" என்று விமானத்தில் ஏற்றிவிட்டான். இரண்டரை மணி நேரம் பறந்து இறங்கினோம்.

போர்த்துகீசியர் என்றதும் நமக்கு மலாக்கா நினைவு வரும். 1511இல் பீரங்கியோடு வந்தவர்கள், 1641இல் டச்சுக்காரர்களிடம் தோற்கும் வரை 130 ஆண்டுகள் ஆண்டார்கள். அவர்கள் கட்டிய கோட்டையில் மிஞ்சியிருப்பது ஒரு வாசல்தான். அதன் முன்னே மாணவர்களை வரிசையாக நிறுத்தி எத்தனையோ முறை படம் எடுத்திருக்கிறேன். அந்த வாசலைக் கட்டியவர்களின் சொந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

போர்ட்டோ, தலைநகர் லிஸ்பனுக்கு அடுத்த பெரிய நகரம். டோரோ என்ற ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மலைச்சரிவில் வீட்டின்மேல் வீடு வைத்ததுபோல் கட்டியிருக்கிறார்கள். கருங்கல் கட்டடங்கள், நீலப் பூப்போட்ட ஓடு பதித்த சுவர்கள், ஏறினால் மூச்சு வாங்கும் தெருக்கள். ஆற்றின் மேற்பகுதியில் மலையைப் படிப்படியாக வெட்டித் திராட்சை வளர்க்கிறார்கள். அந்தத் திராட்சை மதுதான் இந்த ஊரின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றுகிறது. ஊருக்குப் பணம் வந்த வழி அதுதான். அந்தப் படிக்கட்டுகளை வெட்டியவர்கள் யார் என்று சுற்றுலாப் புத்தகத்தில் தேடினேன். அரைப் பக்கம்கூட இல்லை. இது எங்கேயும் உள்ள கதைதான்.

ஊரின் நடுவில் கிளேரிகோஸ் கோபுரம், 75 மீட்டர் உயரம், 1763இல் கட்டி முடித்தது. அதிலிருந்து சில நிமிட நடையில் கார்மெலித்தாஸ் தெரு. அங்கே 144ஆம் எண் கட்டடத்தின் முன்னே ஒரு நீண்ட வரிசை நின்றது. கோயிலில் கூழ் ஊற்றும் நாள்போல இருந்தது. "அதுதான் அத்தை, லெல்லோ புத்தகக் கடை" என்றான்.

வரிசையில் நின்ற நேரத்தில் என் கோபத்துக்குக் காரணம் எனக்கே விளங்கியது. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். சம்பளம் போட்ட மறுநாள் அம்மாவோடு பட்டணத்துக்குப் போயிருந்தேன். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்கு ஓடுகிற அம்மா. எழுத்து தெரியாது. ஆனால் சாயங்காலம் லயத்து வாசலில் யாராவது 'தமிழ் நேச'னை உரக்கப் படித்தால், வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அன்று பட்டணத்தில் மளிகை வாங்கியபின், ஒரு புத்தகக் கடை வாசலில் நான் நின்றுவிட்டேன். உள்ளே போய் ஒரு கதைப் புத்தகத்தின் அட்டையைத் தொட்டேன், அவ்வளவுதான். கல்லாவில் இருந்தவர், "வாங்குறதுன்னா தொடு, இல்லேன்னா வெளியே நில்லு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் காலைப் பார்த்துச் சொன்னார். காலில் செருப்பு இல்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார், எண்ணினார், பிறகு மறுபடி முடிந்துகொண்டார். அந்தக் கடை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் புத்தகக் கடையில் யாராவது காசைப் பற்றி முதலில் பேசினால் எனக்கு உள்ளங்கால் கூசும்.

வரிசை நகர்ந்தது. கடையின் முகப்பு வெள்ளை வெளேரென்று, தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் நடுவில் ஒன்றாக இருக்கிறது. சன்னலின் இரு புறமும் இரண்டு உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள். ஒன்று கலை, மற்றது அறிவியல். மேலே 'லெல்லோ இ இர்மாவ்' என்று பெயர். 'லெல்லோவும் சகோதரரும்' என்று அர்த்தமாம். நம் ஊர்ப் பட்டணங்களில் 'அண்ட் பிரதர்ஸ்' என்று பலகை மாட்டிய துணிக்கடை மாதிரிதான். அந்த ஒரு வரி என்னைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது.

உள்ளே காலெடுத்து வைத்தேன். வாசக நேயர்களே, நான் கண்டதை எப்படிச் சொல்வது? தரையிலிருந்து உத்தரம் வரை புத்தகம். அலமாரிகளின் மேலே கூர்வளைவுகள். கடை நடுவில் ஒரு படிக்கட்டு. கொடி வளைந்து ஏறுவதுபோல ஏறி, இரண்டாகப் பிரிந்து, வளைந்து மேல்மாடிக்குப் போகிறது. படிகள் செக்கச் சிவப்பு. படிக்கட்டின் அடிப்பக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அங்கேயும் வேலைப்பாடு. வாசலிலிருந்து தரையில் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு சிறிய மர வண்டி. அந்தக் காலத்தில் புத்தகக் கட்டுகளை அதில் ஏற்றி உள்ளே தள்ளிப் போவார்களாம். தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் நடுவில் வண்ணக் கண்ணாடி, சுமார் 8 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். வெயில் அதன் வழியாக இறங்கிப் புத்தகங்களின்மேல் விழுகிறது. கண்ணாடியின் நடுவில் லத்தீன் மொழியில் மூன்று சொற்கள்: 'டெகஸ் இன் லபோரே'. "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். கையிலிருந்த தாளைப் பார்த்து, "உழைப்பில் பெருமை" என்றான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

இந்தக் கடையின் வரலாற்றைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்கவேண்டும். எர்னெஸ்ட் ஷார்திரோன் என்பது அவர் பெயர். போர்ட்டோவில் வேறொருவர் புத்தகக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1869இல் சொந்தக் கடை போட்டார். விற்பதோடு நிற்கவில்லை, அச்சிட்டு வெளியிடவும் செய்தார். போர்த்துக்கல் நாட்டின் பெரிய நாவலாசிரியர்கள் என்று இன்றைக்கும் சொல்லப்படும் கமிலோ காஸ்தெலோ பிராங்கோ, ஏசா டி கெய்ரோஸ் ஆகியோரின் நூல்களை வெளியிட்டவர் அவர்தான். 1885இல், 45 வயதில் இறந்துபோனார். கடை கைமாறியது.

மறுபக்கம், ஜொசே லெல்லோ என்பவர் 1881இல் தம் மைத்துனரோடு கூட்டாக ஒரு புத்தகக் கடை தொடங்கினார். மைத்துனர் இறந்தபின் தம் சகோதரர் அந்தோணியோவைச் சேர்த்துக்கொண்டார். 1894இல் ஷார்திரோனின் கடையை, அதன் வெளியீட்டு உரிமைகளோடு, லெல்லோ வாங்கினார். இருக்கிற கடையிலேயே வியாபாரத்தைத் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், புத்தகத்துக்கென்றே ஒரு மாளிகை கட்டத் துணிந்தார்கள். எஞ்சினியர் சேவியர் எஸ்தேவெஸ் வரைபடம் போட்டார். 1906 ஜனவரி 13இல் திறந்தார்கள். அந்தக் காலத்துப் பெருங்கவிஞர் கெர்ரா ஜுன்கெய்ரோ உட்பட ஊரின் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைக்குள் கூரையிலும் சுவரிலும் தேக்கும் கருங்காலியுமாக இழைத்ததுபோல் தெரிகிறதே, அதில் பெரும் பகுதி மரமே அல்ல! சுண்ணச்சாந்தில் அச்சு வார்த்து, மரத்தின் ரேகை ரேகையாகச் சாயம் தீட்டியது. அந்தப் படிக்கட்டும் கம்பி கட்டி வார்த்த சிமெண்டு. அந்தக் காலத்தில் அது புத்தம் புதிய வித்தை. தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நானும் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தூணை விரலால் தட்டிப் பார்த்தேன். பணம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏமாற்று என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கொத்தனும் ஒரு சாயக்காரனும் சேர்ந்து, நூறு ஆண்டுக்கு மேலாக உலகத்தின் கண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி பெயர் முகப்பில் இருக்கிறது. இவர்கள் பெயர் தூணில் இல்லை. கூரைக் கண்ணாடியில் எழுதிய சொற்கள் இவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

தூண்களில் எழுத்தாளர்களின் மார்பளவுச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகன் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தான். ஏசா டி கெய்ரோஸ் என்ற பெயர் வந்தபோது, "அத்தை, இவரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றான். அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏசா பிறந்தது 1845இல். படங்களில் மீசையும் ஒற்றைக் கண்ணாடியுமாக, நல்ல உடுப்பில், கொஞ்சம் கேலிப் பார்வையோடு இருப்பார். எழுத்து சோறு போடாத காலம். ஆகவே அரசாங்க வேலைக்குப் போனார். 1872இல், 27 வயதில், கியூபா தீவின் ஹவானா நகருக்குப் போர்த்துக்கல் நாட்டின் தூதரக அதிகாரியாகப் போய் இறங்கினார்.

கியூபா அப்போது ஸ்பெயின்காரர்களின் பிடியில். எங்கு பார்த்தாலும் கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை. ஆப்பிரிக்க அடிமைகள் போதாமல் சீனர்களைக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1847 முதல் 1874 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ கூலி. எட்டு ஆண்டு முடிந்தால் விடுதலை என்று நம்பி வந்தவர்களுக்கு அங்கே வேறு சட்டம் காத்திருந்தது: மறுபடி ஒப்பந்தம் எழுது, இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் தீவைவிட்டுப் போ! போகக் காசு எங்கே இருக்கும்? கையில் சரியான சீட்டு இல்லாதவர்களைப் பிடித்து அடைத்து, திரும்பத் தோட்டத்துக்கே வேலைக்கு அனுப்பினார்கள்.

அவர்களில் ஏராளமானோர் போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த மக்காவ் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அதனால் அவர்கள் என் தூதரகத்தின் பாதுகாப்பில் உள்ளவர்கள், பதிவுச் சீட்டு பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஏசா வாதாடினார். உள்ளூர் அதிகாரிகளோடு மோதினார். தோட்டங்களில் இந்தச் சீனர்கள் படும் பாட்டைத் தம் அமைச்சருக்கு எழுதி அனுப்பினார். ஒரு மனிதர் எழுதியதால் உலகம் மாறிவிடாது. பல பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்துதான் மக்காவ் வழியான கூலிக் கப்பல்கள் 1874இல் நின்றன. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நம் முன்னோரையும் நினைத்துப் பாருங்கள். ரப்பர் மரம் இங்கே வேர் பிடிக்குமுன்பே, வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். இன்று செபராங் பிறை என்கிறோமே, அந்த இடம்தான். கியூபாவில் அந்தச் சீனன் கரும்பு வெட்டிய அதே ஆண்டுகளில் இங்கே நம் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை ஒழிய 1910 ஆயிற்று. கரும்புக்காட்டில் கிடந்தவனுக்காக எழுதிய ஒருவரின் சிலை, இப்படி ஒரு மாளிகையில், அந்தக் கண்ணாடிக் கூரையின் கீழே இருக்கிறது. நான் கைகூப்பவில்லை, அந்நிய ஊரில் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் கொஞ்ச நேரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

மேல்மாடிக்குப் போனோம். சிவப்புப் படிகளில் கூட்டம் ஏறவும் இறங்கவும் முடியாமல் திணறியது. எல்லோர் கையிலும் கைப்பேசி. படியில் நின்று படம், சாய்ந்து படம், புத்தகத்தை விரித்து மூக்கருகே வைத்துப் படம். படம் எடுத்தபின் புத்தகம் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஹாரி பாட்டர் கதை எழுதிய ஜே.கே. ரௌலிங் அம்மையார் 1990களின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். அவர் இந்தக் கடையைப் பார்த்துத்தான் மந்திரப் பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்தார் என்று ஒரு பேச்சு பரவி, அதற்காகவே பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அந்தக் கடைக்குள் நான் போனதே இல்லை என்று 2020இல் அவரே சொல்லிவிட்டார். கூட்டம் குறையவில்லை. நம் ஊரில் மரத்தில் சாமி தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் போதாதா, அப்படித்தான்.

இங்கேதான் டிக்கெட்டின் கதை வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் இலவசமாக உள்ளே வந்தார்கள். பார்த்தார்கள், படியில் உட்கார்ந்தார்கள், போனார்கள். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். உண்மையாகப் புத்தகம் வாங்க வந்த ஊர்க்காரருக்கு நிற்க இடமில்லை. தரை தேய்கிறது, கண்ணாடி அழுக்கேறுகிறது, கல்லாவில் காசு இல்லை. ஊரிலேயே அதிகம் பேர் வரும் கடை, கூட்டத்தாலேயே அழிந்துபோகும் நிலை. 2015 ஜூலையில் ஒரு முடிவெடுத்தார்கள். நுழைய 3 யூரோ, அப்போது நம் காசுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வெள்ளி. ஆனால் புத்தகம் வாங்கினால் அந்தக் காசைப் புத்தக விலையில் கழித்துக்கொள்வார்கள். ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தவள்தானே! ஆனால் நடந்தது என்ன? காசு கட்டிவிட்டோமே, வீணாக்குவானேன் என்று ஜனங்கள் புத்தகம் வாங்கத் தொடங்கினார்கள். விற்பனை ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முகப்பைப் புதுப்பித்து, கூரைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் செப்பனிட்டு மறுபடி மாட்டினார்கள். 2018இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டிக்கெட் விலையும் அதன்பின் ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் கணக்கு எனக்குப் புரிந்தது. நம்மவருக்கும் புரியும். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், தோட்டத்தை விற்றுவிட்டு வெள்ளைக்காரர்கள் போனபோது, துன் சம்பந்தன் என்ன செய்தார்? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பத்து வெள்ளியில் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் எங்கள் லயத்திலேயும் இருந்தார்கள். அம்மா கொடுத்தார். அந்த ரசீதைத் தகரப் பெட்டியில், நகை வைக்கிற இடத்தில் வைத்திருந்தார். மறுபக்கம், 1924இல் தொடங்கி நம் வாசல்களில் எல்லாம் படிக்கப்பட்ட 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. நின்ற செய்தி கேட்டு வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டு அதைக் காசு கொடுத்து வாங்கினோம்? நான் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தேன்.

போர்த்துகீசியருக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதையும் அந்த மாடியில் நின்றுதான் அண்ணன் மகனுக்குச் சொன்னேன். இந்திய மொழிகளிலேயே முதன்முதலாக அச்சேறியது தமிழ்தான். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் அச்சானது. பிறகு 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது, 16 பக்கம். அச்சிட்டவர் என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார். மதம் பரப்பத்தான் செய்தார். ஆனால் எழுத்து எழுத்துதானே. அதுமட்டுமா, அந்தக் கடையில் என் கண்ணில் பட்ட மேசை, அலமாரி, சன்னல், கல்லாப்பெட்டிச் சாவி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து நம் வாய்க்கு வந்த சொற்கள். அலமாரியும் ஜன்னலும் மலாய்க்காரர் வாயிலும் இருக்கின்றன. "அப்போ நீங்க போர்த்துகீசியம் பேசுறீங்க அத்தை" என்றான். பேசிப் பார்க்கட்டுமா என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் மேசையைக் காட்டி "மேசா" என்றேன். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினாள்.

அந்தப் பெண்ணிடமே ஏசாவின் புத்தகம் ஆங்கிலத்தில் உண்டா என்று கேட்டேன். அலமாரிக்கு அழைத்துப் போய், மூன்று நான்கு புத்தகங்களை எடுத்து என் கையில் கொடுத்து, "பாருங்கள், அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அட்டையைத் தடவினேன். உள்ளே முகர்ந்தும் பார்த்தேன். யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

நான் எடுத்தது 'நகரமும் மலைகளும்' என்று பொருள்படும் ஒரு நாவல். ஏசா 1900இல் இறந்தார். அடுத்த ஆண்டு இதை வெளியிட்டவர்கள் இந்த லெல்லோ சகோதரர்களேதான். டிக்கெட்டைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன். அண்ணன் மகன் கொடுக்கப் பார்த்தான், நான் விடவில்லை. அவன் டிக்கெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவனும் ஒரு புத்தகம் எடுத்தான். சமையல் புத்தகம்!

திரும்பி வரும்போது கோலாலம்பூர் விமானத்தில் அந்த நாவலைப் படித்தேன். பாரிஸ் நகரத்தில் சகல வசதியோடும் வாழ்ந்து சலித்துப்போன ஒரு பணக்காரர், டோரோ ஆற்றுப் பக்கத்து மலையில் உள்ள தம் பூர்வீக நிலத்துக்குத் திரும்புகிறார். காற்றும் சோறும் அவருக்குப் பிடித்துப்போகிறது. மலை அழகை ரசித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு மழை நாளில் ஒதுங்கப் போன இடத்தில்தான், தம் நிலத்தில் உழைக்கிறவர்கள் பசியோடும் நோயோடும் இடிந்த குடிசையில் கிடப்பதைப் பார்க்கிறார். என் மண்ணிலா இப்படி என்று திடுக்கிடுகிறார். எல்லோருக்கும் புது வீடு கட்டச் சொல்கிறார். கணக்குப் பார்க்கிறவர் செலவைக் கூட்டிக்காட்டிக் கையைப் பிசைகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். எங்கள் லயத்துக் கூரை ஒழுகியபோது அம்மா பால் வாளியை ஒழுகும் இடத்தில் வைப்பார். விடிந்தால் அதே வாளி மரத்துக்குப் போகவேண்டும். ஆபீசில் சொல்லச் சொல்லி எத்தனை முறை கிராணியிடம் கேட்டிருப்பார்! துரை ஒரு நாளும் எங்கள் லயத்தில் மழைக்கு ஒதுங்கியதில்லை. அந்தத் தோட்டமும் இப்போது இல்லை, வீட்டு மனைகளாகிவிட்டது.

ஊர் வந்து சேர்ந்து, புத்தகத்துக்குக் கெட்டியாக அட்டை போட்டேன். கோயில் மண்டபத்தின் பின்னறையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு சிறு நூலகம் நடத்துகிறார்கள். ஆங்கிலம் படிக்கிற பெரிய பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவேடு எழுதும் பெண் என்னிடம் படித்தவள். பெயர், ஆசிரியர், கொடுத்தவர் எல்லாம் எழுதிவிட்டு, "டீச்சர், விலை எவ்வளவுன்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"டிக்கெட்டைச் சேர்த்தா, கழிச்சா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.